கிட் காரில் இறுகிப்போன ஸ்டீயரிங் ஜாயிண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் கார், பெங்களூரில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. அவர்களில் தமிழ் பேசுபவர்கள் பலரும் ஸ்டீயரிங் கனத்துவிட்டால் அல்சூரில் உள்ள என் ஷெட்டுக்கு ஒருமுறையாவது வந்துவிடுகிறார்கள். வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால், நான் வாய்மொழியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். 1957-இல் காலின் சாப்மன் வடிவமைத்த லோட்டஸ் செவன் காரின் மாதிரியில், குழாய்ச் சட்டத்தின்மேல் கட்டப்படும் இரண்டு இருக்கைக் கார்களையே மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ராக் அண்ட் பினியன் (தண்டின் முனையில் உள்ள பினியன் என்ற பல்சக்கரம், ராக் என்ற பற்களுள்ள தண்டை இடவலமாகத் தள்ளிச் சக்கரங்களைத் திருப்பும் அமைப்பு) பொருத்திய பிற வண்டிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஸ்டீயரிங் ஜாயிண்ட் என்பது எது?

ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து வரும் தண்டும், முன்பக்கம் உள்ள ராக்கின் பினியன் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. இடையில் இன்ஜினும் சட்டத்தின் குழாய்களும் சைலன்சர் குழாய்களும் இருப்பதால் தண்டு வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. அந்த வளைவில் அமர்ந்து சுழற்சியைக் கடத்துவதுதான் யுனிவர்சல் ஜாயிண்ட். உண்டிவில்லின் கவையைப் போன்ற இரண்டு இரும்புக் கவைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்க, நடுவில் சிலுவை வடிவத் துண்டு ஒன்று இரண்டையும் இணைக்கிறது. சிலுவையின் நான்கு முனைகளும் நீடில் பேரிங் (ஊசிபோன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்) உள்ள சிறு கப்புகளுக்குள் அசைகின்றன. பட்டறைகளில் இதை 'ஸ்டீயரிங் கிராஸ்' என்பார்கள். செவன் மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் இத்தகைய ஜாயிண்டுகள் இரண்டு இருக்கும்; அவற்றுக்கு இடையில் உள்ளது இடைத்தண்டு.

தொழிற்சாலைக் காரில் எளிதில் கெடாத ஜாயிண்ட், கிட் காரில் ஏன் சீக்கிரம் இறுகிவிடுகிறது?

மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது தண்ணீர். தொழிற்சாலைக் காரில் ஜாயிண்டின் ஒரு பகுதி கேபினுக்குள்ளோ ரப்பர் உறைக்குள்ளோ பாதுகாப்பாக இருக்கும். செவன் மாதிரி வண்டியில் கீழ் ஜாயிண்ட் ஏறக்குறைய திறந்தவெளியிலேயே கிடக்கிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூரில் தேங்கும் மழைநீரை முன்சக்கரம் நேராக அதன்மேல் அடிக்கிறது. இரண்டாவது வெப்பம். எக்ஸாஸ்ட் குழாய்கள் தண்டுக்கு மிக அருகில் செல்லும் அமைப்பில் கப்புக்குள் இருக்கும் கிரீஸ் உலர்ந்து பசையாகிவிடுகிறது. சாதாரண லித்தியம் கிரீஸ் தொடர்ந்து ஏறக்குறைய 120 டிகிரிக்கு மேல் தாங்காது.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. வண்டி ஓடும் நேரத்தில் பெரும்பகுதி ஸ்டீயரிங் நேராகவே நிற்கிறது. அதனால் பேரிங்கின் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று சாலையின் அதிர்வை வாங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த இடத்தில் கிரீஸ் விலகி, உலோகம் உலோகத்தோடு உராய்ந்து நுண்ணிய பள்ளங்கள் விழுகின்றன. கப்பின் ஓரத்தில் செந்நிறத் தூள் கசிந்திருந்தால் இதுவே நடக்கிறது என்று கொள்ளலாம். வாரக் கடைசியில் மட்டும் எடுக்கப்பட்டு மற்ற நாள்களில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இந்தக் கேடு இன்னும் விரைவாக வருகிறது. ஏனெனில் அடிக்கடி முழுச் சுற்றுத் திரும்பினால்தான் கிரீஸ் மறுபடியும் ஊசிகளின்மேல் பரவும்.

அறிகுறிகள் எப்படி இருக்கும்?

திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் விட்ட இடத்திலேயே நிற்கும். நேர்சாலையில் வண்டி ஒருபக்கம் மெல்ல நழுவும்; திருத்தினால் மறுபக்கம் நழுவும். ஓட்டுபவர் ஓயாமல் சிறு திருத்தங்கள் செய்துகொண்டே இருக்க நேரும். மெதுவாகத் திருப்பும்போது ஒரு சுற்றில் இரண்டு இடங்களில் கனம் கூடிக் குறையும். நடு நிலையில் மட்டும் பள்ளத்தில் விழுந்ததுபோல் ஒரு பிடிப்பு தெரிந்தால், மேலே சொன்ன நுண்பள்ளங்கள் விழுந்துவிட்டன என்று பொருள்.

கோளாறு ஜாயிண்டில்தான் இருக்கிறது என்று எப்படி உறுதிசெய்வது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஸ்டீயரிங் கனத்ததும் முதலில் ராக்கைக் குறைசொல்லும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு வண்டிக்கு நல்ல ராக்கைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தினேன். கனம் சிறிதும் குறையவில்லை. பிறகு பார்த்தபோது கீழ் ஜாயிண்டின் ஓர் அச்சு முற்றிலும் இறுகியிருந்தது. வண்டியின் உரிமையாளர் தேவையில்லாமல் செலவழித்த பணம் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. அன்றிலிருந்து பின்வரும் வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

முதலில் டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். அடுத்து முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, சட்டத்தின் உறுதியான பகுதிக்கு அடியில் ஸ்டாண்டுகளை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும்போது ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெல்லத் திருப்புங்கள். கனம் முழுவதும் மறைந்துவிட்டால் காரணம் டயரிலோ முன்சக்கரங்களின் காஸ்டர் கோணத்திலோ (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) இருக்கலாம். கனம் அப்படியே இருந்தால் உராய்வு எங்கோ உள்ளது.

அந்த உராய்வைக் கண்டுபிடிக்கக் கீழ் ஜாயிண்டைப் பினியனிலிருந்து பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு முன் ஜாயிண்டின்மேலும் தண்டின்மேலும் ஒரே கோட்டில் பெயிண்டால் அடையாளம் இடுங்கள். பிரித்த பிறகு இரு முன்சக்கரங்களையும் கையால் பிடித்து இடவலமாகத் திருப்புங்கள். அது கனமாக இருந்தால் ராக், டை ராட் எண்டு (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை), பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்ப இடம்தரும் உருண்டை மூட்டு) ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். ராக்கின் அடியில் உள்ள அழுத்தத் திருகை யாரோ அளவுக்கு மீறி இறுக்கிவைத்திருப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். அடுத்து ஸ்டீயரிங் சக்கரத்தைத் தனியாகத் திருப்புங்கள். இரண்டு விரல்களால் சுழல வேண்டும். சுழலாவிட்டால் மேல் தண்டைத் தாங்கும் புஷ் (உருளை வடிவத் தாங்கி) இறுகியிருக்கிறது, அல்லது தண்டைத் தாங்கும் பிராக்கெட் கோணலாகப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக, இடைத்தண்டை ஜாயிண்டுகளோடு வெளியே எடுத்து மேசைமேல் வைத்துச் சோதியுங்கள். ஒரு கவையைக் கையில் பிடித்துக்கொண்டு மறு கவையை முதலில் ஓர் அச்சிலும் பிறகு மற்றோர் அச்சிலும் அசைத்துப் பாருங்கள். இரண்டு அச்சுகளையும் தனித்தனியாகச் சோதிப்பது மிக முக்கியம். ஓர் அச்சு இலகுவாக இருப்பதைப் பார்த்து ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்பவர்கள் பலர். புதிய ஜாயிண்டிலும் ஓரளவு பிடிப்பு இருப்பது உண்டு, ஆனால் அது எல்லாக் கோணத்திலும் ஒரே சீராக இருக்கும். இடையில் தட்டுப்பட்டாலோ, கரகரத்தாலோ, கப்புக்குள் ஆட்டம் தெரிந்தாலோ அந்த ஜாயிண்ட் தள்ள வேண்டியது.

இறுகிய ஜாயிண்டோடு சில நாள்கள் ஓட்டலாமா?

கூடாது. ஓர் அச்சு இறுகிவிட்டால் ஜாயிண்ட் மடங்க மறுக்கிறது; ஆனால் தண்டு சுழலும்போது அது மடங்கியே ஆக வேண்டும். மடங்க முடியாத அந்த விசை முழுவதும் மேல் புஷ்மீதும், பினியன் பேரிங்மீதும், கவையின் கழுத்துமீதும் ஏறுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் உலோகம் வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தால் ஒருநாள் விரிசல் விடும். ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அது நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

துருநீக்கும் எண்ணெயைத் தெளித்தால் இளகிவிடுகிறதே, அது போதாதா?

இளகும் என்பது உண்மைதான். அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மெல்லிய எண்ணெய் துருவை நனைத்து அசைவைத் தருகிறது. கூடவே கப்புக்குள் மிஞ்சியிருந்த கொஞ்சம் கிரீஸையும் கரைத்து வெளியேற்றிவிடுகிறது. சில வாரங்களில் அந்த எண்ணெய் உலர்ந்ததும் முன்பைவிடக் கடுமையாக இறுகும். தேய்ந்த ஊசியையும் பள்ளம் விழுந்த கப்பையும் எந்த எண்ணெயாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. கழற்றுவதற்கு முந்தைய இரவு ஸ்ப்ளைனிலும் (ஜாயிண்டும் தண்டும் கோத்துக்கொள்ளும் நீளவாட்டுப் பற்கள்) போல்ட்டிலும் தெளித்து ஊறவைப்பதற்கு அந்த எண்ணெய் மிகவும் உதவும். அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

காஸ் டார்ச்சால் சூடேற்றி இளக்குவதை இன்னும் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு பட்டறையில் அப்படி இளக்கிய ஜாயிண்டோடு என்னிடம் வந்த வண்டி ஒன்றில், கப்பின் சீல் உருகி உள்ளே கரியாகக் கிடந்தது. சிவக்கச் சூடேற்றினால் பேரிங் எஃகின் கடினத்தன்மையும் போய்விடுகிறது.

நடுவில் உள்ள சிலுவைத் துண்டை (கிராஸை) மட்டும் மாற்றிவிட்டுக் கவைகளை அப்படியே பயன்படுத்தலாமா?

கப்புகளைச் சர்க்கிளிப் (பள்ளத்தில் அமரும் வளையக் கிளிப்) தாங்கியிருக்கும் வகையாக இருந்து, சரியான அளவுள்ள கிராஸும் கிடைத்தால் மாற்றலாம். வைஸில் வைத்து ஒரு கப்பை அழுத்தி எதிர்க் கப்பை வெளியேற்றும் வழக்கமான வேலைதான். புதிய கப்பைச் செலுத்தும்போது ஓர் ஊசி சரிந்து அடியில் விழுந்துவிட்டாலும் கப் முழுதாக உட்காராது. சர்க்கிளிப் பள்ளம் முழுமையாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஆனால் பெரும்பாலான கார் ஸ்டீயரிங் ஜாயிண்டுகளில் சர்க்கிளிப் இருப்பதில்லை. கவையின் ஓரத்தையே பஞ்ச் அடித்துக் கப்பை நிறுத்தியிருப்பார்கள். அவை பிரித்துப் பூட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மறுபடி பஞ்ச் அடித்துத் தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை நசுங்கிய உலோகத்தில் அந்தப் பிடிப்பு எவ்வளவு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முழு ஜாயிண்டையும் மாற்றுவதே என் முடிவு.

புதியது வாங்குவதற்கு முன் என்னென்ன அளவுகள் எடுக்க வேண்டும்?

கிட் காரில் மேல் தண்டு ஒரு வண்டியிலிருந்தும் ராக் வேறொரு வண்டியிலிருந்தும் வந்திருக்கும் என்பதால் ஜாயிண்டின் இரண்டு முனைகளும் ஒரே அளவாக இருக்கும் என்று கருதாதீர்கள். நம் ஊரில் கட்டப்பட்ட வண்டிகளில் மாருதி 800-இன் ராக் இருக்கலாம். பிரிட்டனிலிருந்து வந்த கிட்டில் அங்குல அளவு ஸ்ப்ளைன் இருக்கலாம். அங்குல அளவுகளில் அதிகம் காணப்படுபவை 9/16 அங்குலமும் 5/8 அங்குலமும் ஆகும். இரண்டிலும் 36 பற்கள் உள்ள வகை உண்டு. முதலாவது 14.29 மி.மீ., இரண்டாவது 15.88 மி.மீ. கண்ணால் பார்த்தால் வேறுபாடு தெரியாது, வெர்னியர் கேலிப்பர் அவசியம். ஒரு பல்லின்மேல் பெயிண்ட் வைத்துவிட்டு அங்கிருந்து எண்ணுங்கள், இரண்டுமுறை எண்ணுங்கள். சில தண்டுகள் ஸ்ப்ளைன் இல்லாமல் இருபக்கமும் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். அப்படியானால் இரண்டு அளவுகள் தேவை.

இவற்றோடு ஜாயிண்டின் மொத்த நீளம், கவையை நெருக்கித் தண்டைப் பிடிக்கவைக்கும் பின்ச் போல்ட்டின் தடிமன், தண்டில் அந்தப் போல்ட்டுக்காக வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தின் இடம், வண்டியில் ஜாயிண்ட் மடங்கி நிற்கும் கோணம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நீடில் பேரிங் உள்ள ஸ்டீயரிங் ஜாயிண்டுகள் பொதுவாக 30 முதல் 35 டிகிரி வரைதான் மடங்கலாம்.

பெங்களூரில் எங்கே தேடுவது?

உள்நாட்டு வண்டிகளின் ஜாயிண்டுகளுக்கு ஜே.சி. ரோடு. போல்ட், நைலாக் நட்டு (தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு), கருவிகளுக்கு எஸ்.ஜே.பி. ரோடு. பழைய ஜாயிண்டைக் கையோடு எடுத்துச் சென்று கவுண்டரில் வைத்துவிட்டால் பேச்சு பாதியாகக் குறையும். சிவாஜிநகரின் பழைய சாமான் சந்தையான குஜிரியில் பழைய தண்டுகள் கிடைக்கின்றன. ஸ்டீயரிங் ஜாயிண்டை மட்டும் அங்கே வாங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள், ஏனெனில் விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து வந்ததா என்பதை வெளித்தோற்றம் காட்டாது. அங்குல ஸ்ப்ளைனுக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதுதான் பெரும்பாலும் வழி. பீன்யாவின் இயந்திரப் பட்டறைகளில் இடைத்தண்டில் புதிதாக ஸ்ப்ளைன் வெட்டிக்கொள்ளலாம்; ஆனால் தண்டு எந்த எஃகு, எவ்வளவு கடினமாக்கப்பட வேண்டும் என்பதை வரைபடத்தில் எழுதிக் கொடுக்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கழற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டீயரிங்கைச் சீட் பெல்ட்டால் கட்டிவையுங்கள். மேல் தண்டு ஏர்பேக் உள்ள காரிலிருந்து வந்ததாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் காத்திருந்த பிறகே தொடங்குங்கள். பின்ச் போல்ட்டை முழுவதுமாக வெளியே எடுத்தால்தான் ஜாயிண்ட் நகரும்; தளர்த்தினால் மட்டும் போதாது. நகராத ஜாயிண்டைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், அந்த அடி நேராகப் பினியன் பேரிங்கில் இறங்கும். பின்ச் போல்ட் நெருக்கும் கவையின் வெட்டுக்குள் அகலமான ஸ்குரூடிரைவரை மெல்லச் செலுத்தி விரித்தால் ஊறிய ஜாயிண்ட் பெரும்பாலும் கழன்றுவிடும்.

பொருத்தும்போது?

ஸ்ப்ளைனைக் கம்பித் தூரிகையால் சுத்தம்செய்து மெல்லிய கிரீஸ் பூசி, அடையாளக் கோடுகள் நேராக நிற்கும்படி செலுத்துங்கள். 36 பற்கள் உள்ள ஸ்ப்ளைனில் ஒரு பல் தவறினால் ஸ்டீயரிங் 10 டிகிரி கோணலாக நிற்கும்.

அடுத்து பின்ச் போல்ட். அது கவையை நெருக்கிப் பிடிப்பதற்காக மட்டும் இருப்பது அல்ல. தண்டில் உள்ள பள்ளத்தின் வழியாக அது குறுக்கே செல்வதால், நட்டு தளர்ந்தாலும் போல்ட் இருக்கும்வரை ஜாயிண்ட் தண்டைவிட்டு நழுவாது. ஆகவே போல்ட் கையால் தள்ளும்போதே இலகுவாக உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் ஜாயிண்ட் சரியான ஆழத்தில் உட்காரவில்லை. அந்நிலையில் போல்ட்டை அடித்து ஏற்றுவது, அல்லது பள்ளத்துக்கு வெளியே வைத்து இறுக்குவது, இந்த வேலையில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. புதிய போல்ட்டும் புதிய நைலாக் நட்டும் போடுங்கள். போல்ட் 8.8 தரத்துக்குக் (போல்ட்டின் தலையில் இருக்கும் வலிமைக் குறி) குறையக் கூடாது. இறுக்கும் அளவுக்கு வண்டியின் கையேட்டைப் பின்பற்றுங்கள். கையேடு இல்லாத நிலையில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 22 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குகிறேன்.

புதிய ஜாயிண்ட் போட்ட பிறகும் அரைச் சுற்றுக்கு ஒருமுறை கனக்கிறது. ஜாயிண்ட் கெட்டதா?

பெரும்பாலும் ஜாயிண்ட் நல்லதாகவே இருக்கும். பொருத்திய நிலைதான் தவறு. ஒற்றை யுனிவர்சல் ஜாயிண்ட் மடங்கிய நிலையில் சுழலும்போது, ஒரு பக்கம் சீரான வேகத்தில் சுழன்றாலும் மறுபக்கம் சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்கு இரண்டுமுறை விரைந்து இரண்டுமுறை தாமதிக்கும். 30 டிகிரி மடங்கிய ஜாயிண்டில் இந்த வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஏறி இறங்கும். வேகம் கூடும் இடத்தில் கைக்குக் கனம் தெரியும், குறையும் இடத்தில் இலகுவாகத் தெரியும்.

இரண்டு ஜாயிண்டுகளை வைப்பதன் பயனே ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று ஈடுசெய்வதில்தான் இருக்கிறது. அது நிகழ இரு ஜாயிண்டுகளின் மடக்குக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். இடைத்தண்டின் இரு முனைகளில் உள்ள கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒரு கவையை 90 டிகிரி மாற்றிப் பொருத்திவிட்டால் ஈடுசெய்வதற்குப் பதிலாக இரண்டும் சேர்ந்துகொள்ளும்: இரண்டும் 30 டிகிரி மடங்கிய அமைப்பில் வேகம் 0.75 மடங்கிலிருந்து 1.33 மடங்கு வரை மாறும். கவைகள் சரியாக நின்று, கோணங்கள் மட்டும் 30, 20 என்று வேறுபட்டால் ஏறக்குறைய 8 சதவீத மாறுபாடு மிஞ்சும். அது பழகிக்கொள்ளக்கூடியதே.

செவன் மாதிரி வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மேல் ஜாயிண்ட் கீழ்நோக்கி மடங்க, கீழ் ஜாயிண்ட் பக்கவாட்டிலும் மடங்கும். அதாவது இரண்டு மடக்குகளும் ஒரே தளத்தில் இல்லை. அப்போது கவைகளைக் கண்ணுக்கு நேராக வைப்பது தவறாகிவிடும். இடைத்தண்டை மெல்லச் சுழற்றி, மேல் ஜாயிண்டில் இடைத்தண்டின் பக்கத்துக் கவை அந்த ஜாயிண்டின் மடக்குத் தளத்தில் (அங்கே சேரும் இரு தண்டுகளும் அமையும் தளத்தில்) வந்து நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதே நொடியில், கீழ் ஜாயிண்டில் இடைத்தண்டின் பக்கத்துக் கவையும் தன் மடக்குத் தளத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஜாயிண்டைக் கழற்றி ஸ்ப்ளைனில் சில பற்கள் தள்ளிப் பொருத்துங்கள். 36 பற்களில் ஒவ்வொரு படியும் 10 டிகிரி என்பதால் சரியான நிலைக்கு 5 டிகிரிக்குள் வந்துவிடலாம். கனம் கூடிக் குறைவது மறைவதைக் கையே சொல்லும்.

சரியான ஸ்ப்ளைன் கிடைக்காவிட்டால் ஜாயிண்டைத் தண்டோடு வெல்டிங் செய்யலாமா?

சாதாரண ஜாயிண்டை ஒருபோதும் செய்யக் கூடாது. வெல்டிங்குக்கென்றே தயாரிக்கப்படும் ஜாயிண்டுகள் இருக்கின்றன. அவற்றையும் தகுதிச் சான்று பெற்ற வெல்டரே செய்ய வேண்டும், வெல்டிங்கில் விரிசல் இல்லை என்று சோதித்தும் பார்க்க வேண்டும். தெருமுனைப் பட்டறையில் கேட் பற்றவைப்பவர் எவ்வளவு கைத்தேர்ச்சி உள்ளவராக இருந்தாலும் இந்த வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள்.

அடுத்தமுறை இறுகாமல் இருக்க என்ன செய்யலாம்?

எக்ஸாஸ்ட் குழாய்க்கும் ஜாயிண்டுக்கும் இடையில் அலுமினியத் தகடு ஒன்றை, இரண்டையும் தொடாதபடி, இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். கீழ் ஜாயிண்டுக்கு ரப்பர் உறை போட்டு உள்ளே கிரீஸ் நிரப்புங்கள். பிரஷர் வாஷரின் நீரை ஜாயிண்டின்மேல் நேராக அடிக்க விடாதீர்கள். வண்டி நின்றுகொண்டிருக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறையாவது முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டீயரிங்கை இருகோடிவரை சிலமுறை திருப்புங்கள்.

மாற்றியபின் என்ன சோதனை?

ஸ்டாண்டின்மேல் இருக்கும்போதே இருகோடிவரை திருப்பி, ஜாயிண்ட் குழாயிலோ பிரேக் லைனிலோ ஒயரிலோ எங்கும் உரசவில்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இடவலமாகச் சிறிது ஆட்ட, மற்றவர் ஜாயிண்டின்மேல் கையை வைத்து ஆட்டம் தெரிகிறதா என்று உணர வேண்டும். பிறகு போக்குவரத்து இல்லாத இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் இரு பக்கமும் வளைத்து ஓட்டி, கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். இறுக்கி முடித்த ஒவ்வொரு பின்ச் போல்ட்டின் தலையிலும் நட்டிலும் ஒரு பெயிண்ட் கோடு இடுவது என் வழக்கம். 100 கி.மீ. ஓடிய பிறகு பானட்டைத் திறந்து பார்க்கும்போது அந்தக் கோடு சற்றே முறிந்திருந்தாலும், அன்றைக்கே டார்க் ரெஞ்சை எடுத்துவிடுங்கள்.